மார்க்கெட் ஆட்டம் காணுறப்போ ரிட்டர்னையும் டிவிடெண்ட் க்ரோத்தையும் கணிக்கிறது எப்படி

டிவிடெண்ட் ஈல்டை (ஒரு வருஷ டிவிடெண்டை விலையால வகுத்தது) வச்சு அடுத்த வருஷ ரிட்டர்னை கணிக்கலாம்னு நெறைய பேரு ரிக்ரெஷன் (ஒண்ணை வச்சு இன்னொண்ணைக் கணிக்கிற புள்ளியியல் கணக்கு) ஓட்டுறாங்க, ஆனா 2008 அக்டோபருக்கும் ஒண்ணுமே நடக்காத ஒரு மாசத்துக்கும் ஒரே வெயிட்டு குடுத்துடுறாங்க, அப்புறம் வர்ற நம்பர்ல பாதி அந்த நாலஞ்சு கிராஷ் மாசத்தோட சத்தம்தான்.

டேட்டா பிரச்சனை இல்ல. அமெரிக்காவோட எஸ் அண்ட் பி 500 பங்கு இண்டெக்ஸுக்கு 1871லேர்ந்து மாசவாரியா பொருளாதார அறிஞர் ராபர்ட் ஷில்லர் ஃப்ரீயா போட்டு வச்சிருக்காரு. அதுல இருக்குறது மாச சராசரி விலைங்க, அதனால வோலட்டிலிட்டி (விலை எவ்வளவு ஆடுது) கணக்குக்கு அதைத் தொடாதீங்க, டெய்லி க்ளோஸிங் விலை தனியா எடுத்துக்கோங்க. அவரு ஃபைல்ல டிவிடெண்ட் ஏற்கெனவே 12 மாசக் கூட்டல்தான், மறுபடி கூட்டாம விலையால வகுத்து, லாக் (மடக்கை) எடுங்க.

இப்போ ரிட்டர்னுக்கு ஒரு ரிக்ரெஷன், டிவிடெண்ட் க்ரோத்துக்கு ஒண்ணு, ரெண்டையும் சேத்தே பாக்கணும், தனித்தனியா பாத்தா ஏமாந்துடுவீங்க. ஏன்னா 1988ல கேம்ப்பெல்லும் ஷில்லரும் காட்டின கணக்குப்படி ரெண்டு கோஎஃபிஷியன்ட்டும் (ஈல்டு மாறினா கணிப்பு எவ்வளவு மாறும்ங்கிற எண்) ஒண்ணோட ஒண்ணு கட்டுண்டு கெடக்கு. வருஷக் கணக்குல ஈல்டோட பெர்சிஸ்டன்ஸ் (இந்த வருஷ ஈல்டு அடுத்த வருஷம் எவ்வளவு ஒட்டிக்கிட்டு நிக்குது) 0.94, டிஸ்கவுண்ட் எண் (அடுத்த வருஷ மதிப்பை இன்னிக்கு மதிப்பாக்குற எண்) 0.96னு வச்சுக்கோங்க, பெருக்கினா 0.90. டிவிடெண்ட் க்ரோத்தை ஈல்டு கணிக்கவே இல்லன்னா ரிட்டர்ன் கோஎஃபிஷியன்ட் மீதி இருக்குற 0.10 பக்கம் வந்தே ஆகணும். ரெண்டுமே பூஜ்யம்னு யாராவது சொன்னா பெர்சிஸ்டன்ஸ் 1ஐ தாண்டிடும், அது நடக்காத காரியம்.

அடுத்து வெயிட்டு, இதுதான் மெயின் மேட்டர். போன மாச டெய்லி ரிட்டர்ன்லேர்ந்து வோலட்டிலிட்டி எடுங்க, இல்ல கார்ச் மாடல் (பழைய ஆட்டத்தை வச்சு அடுத்த ஆட்டத்தைக் கணிக்கிறது) போடுங்க, எதுவானாலும் கணிக்கிற தேதிக்கு முன்னாடி தெரிஞ்சதா இருக்கணும். அதால சமன்பாட்டோட ரெண்டு பக்கத்தையும் வகுங்க, கான்ஸ்டன்ட்டையும் சேத்து (இதைத்தான் பாதிப் பேரு விட்டுடுறாங்க). 2% ஆடின மாசத்துக்கு 8% ஆடின மாசத்தவிட 16 மடங்கு வெயிட்டு கெடைக்கும், ஏன்னா 4 மடங்கு வித்தியாசம் வெயிட்டுல வர்க்கமாகுது. கோஎஃபிஷியன்ட் ரொம்ப மாறிச்சுன்னா பழைய ரிசல்ட்டு கிராஷ் மாசங்கள நம்பித்தான் நின்னுச்சுன்னு அர்த்தம்.

கடைசியா அவுட்-ஆஃப்-சாம்பிள், அதாவது மாடல் பாக்காத டேட்டாவுல கணிப்பு நிக்குதான்னு பாக்குறது. 2008ல வெல்ச், கோயல்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் காட்டினது ஞாபகம் இருக்கட்டும், பெரும்பாலான மாடலுங்க வெறும் பழைய சராசரிகிட்டயே தோத்துச்சு. மாசக் கணிப்புல ஆர்-ஸ்கொயர் (ரிட்டர்னோட ஏத்த இறக்கத்துல மாடல் விளக்குற பங்கு) 1% வந்தாலே நல்ல ரிசல்ட்டுதான், 20% வந்தா சந்தோஷப்படாம கோடுல எங்கயோ நாளைய டேட்டா உள்ள பூந்திருக்கான்னு தேடுங்க.