எடை குறைந்த வால்யூம் பெடல்: எதைப் பார்த்து வாங்குவது?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு முதல் வால்யூம் பெடல் (ஒலியின் அளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் கருவி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் எடையையும் விலையையும் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். எடையைக் கடைசியில் பாருங்கள். சிக்னல் வரும் வழியில் பெடல் எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால் பாதி மாடல்கள் தாமாகவே கழிந்துவிடும்.

படி 1: உங்களுக்கு வேண்டியது வால்யூம் பெடல்தானா?

மல்டி எஃபெக்ட்ஸ் (பல எஃபெக்டுகள் ஒரே பெட்டிக்குள் இருக்கும் கருவி) வைத்திருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். எக்ஸ்பிரஷன் பெடலுக்கென்று ஒரு ஜாக் இருந்தால், வால்யூமை அதற்குள்ளேயே காலால் இயக்கலாம். எக்ஸ்பிரஷன் பெடல் வழியாகக் கிட்டாரின் ஒலி போகாது. அது ஒரு மின்தடையின் அளவை மட்டும் கருவிக்குச் சொல்கிறது. அதனால் டோன் கெடும் பேச்சே இல்லை, பெடலும் லேசானது. ஆனால் ஸ்டீரியோ கேபிள் வேண்டும். ஜாக்கின் முனையிலும் வளையத்திலும் எது எதனோடு இணைகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் கருவியின் மேனுவலைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தனித்தனி பெடல்கள் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: இடத்தை முடிவு செய்யுங்கள்

ஓவர்டிரைவுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) முன்னால் வைத்தால், கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழைத் திருப்புவதும் இதுவும் ஒன்றுதான். ஒலி குறையும்போது டிரைவின் கரகரப்பும் குறைந்து கிளீனாகும்.

ஓவர்டிரைவுக்குப் பின்னால், டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) பெடல்களுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு அப்படியே இருக்க, ஒலியின் அளவு மட்டும் ஏறி இறங்கும். குதிகாலை அழுத்தி மூடினாலும் டிலேயின் எதிரொலி தானாக ஓய்ந்து முடியும். ஸ்வெல் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு, அதாவது மூடிய நிலையில் மீட்டிவிட்டு மெல்லத் திறந்து வயலின் வில் போல ஒலியை வரவழைக்க நினைப்பவர்களுக்கு, இதுவே சரியான இடம். எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து அறுபடும். முழு அமைதி வேண்டுமென்றால் மட்டும் அங்கே வையுங்கள்.

படி 3: ஓம் கணக்கு

ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பேட்டரி, அடாப்டர் எதுவும் வேண்டாத பாசிவ் பெடலுக்குள் இருப்பது ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமாக பொட், திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) மட்டுமே. கிட்டாரிலிருந்து நேராக வரும் சிக்னலுக்கு 250 கிலோஓம் அல்லது 500 கிலோஓம், பஃபர் (சிக்னல் வலுக்குறையாமல் கடத்தும் சுற்று) தாண்டி வரும் சிக்னலுக்கு 25 கிலோஓம் என்பது பொதுவான வழக்கம். எர்னி பால் வி.பி. ஜூனியர் 250, 25 என இரண்டு வகையாகவும் கிடைக்கிறது. வெளித்தோற்றம் ஒன்றுதான், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் பிரித்தறிய வேண்டும். பாஸ் நிறுவனத்தின் எஃப்.வி. வரிசையில் பெயரின் முடிவில் 'எச்' என்றிருந்தால் கிட்டாருக்கு நேராக, 'எல்' என்றிருந்தால் பஃபருக்கும் கீபோர்டுக்கும்.

மாற்றி வாங்கினால் என்ன ஆகும்? 25 கிலோஓம் பெடலைக் கிட்டாருக்கு அடுத்து மாட்டினால் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) மேல் சுமை ஏறி, முழுக்கத் திறந்திருக்கும்போதே ஒலி மங்கிவிடும். கம்பளி போர்த்திய மாதிரி கேட்கும். 250 வகையிலும் சிறிது இழப்பு உண்டு. கிட்டாருக்குள் இருக்கும் 250 கிலோஓம் பொட்டும் பெடலின் 250-ம் இணையாகச் சேர்ந்து பிக்கப்புக்கு 125 ஆகத் தெரியும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் 500-ம் 250-ம் சேர்ந்தால் சுமார் 167. சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) அந்த மினுமினுப்பு கொஞ்சம் குறைவது சிலருக்குப் பிடிக்கவும் செய்யும்.

பஃபருக்குப் பின்னால் 250 கிலோஓம் பெடலை வைத்தால் சிக்கல் வேறு மாதிரி. பொட்டின் மின்தடை சரிபாதியாகப் பிரியும் இடத்தில், பெடலிலிருந்து வெளியே தெரியும் மின்தடை 62.5 கிலோஓம். கிட்டார் கேபிளின் கபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால் 5 மீட்டருக்கு 500. இரண்டும் சேர்ந்து சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டத் தொடங்கும். அதே இடத்தில் 25 கிலோஓம் பெடல் இருந்தால் அந்த வெட்டு 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், காதுக்கு எட்டாது.

உங்கள் பெடல்போர்டில் பஃபர் இருக்கிறதா என்று தெரியவில்லையா? வால்யூம் பெடலுக்கு முன்னால் பாஸ் டி.யு.3 போன்ற பஃபர் உள்ள ட்யூனர் (சுருதி பார்க்கும் பெடல்) இருந்தால், இருக்கிறது. எல்லாமே ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலை அப்படியே நேராகக் கடத்தும் வகை), எல்லாமே அணைந்திருக்கிறது என்றால் கிட்டார் நேராக வருவதாகவே கணக்கு.

ஆக்டிவ் பெடலுக்குள்ளேயே பஃபர் இருக்கும், இந்தக் குழப்பம் குறையும். பதிலுக்கு 9 வோல்ட் மின்சாரம் கட்டாயம். மேடையில் அடாப்டர் கழன்றால் ஒலி போய்விடும்.

படி 4: எடை எதில் குறைந்திருக்கிறது?

இரண்டு வழியில்தான் குறைக்க முடியும்: உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக், அல்லது நீளத்தைக் குறைப்பது. எங்கள் கருத்தில் பிளாஸ்டிக்கைவிட நீளம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். வி.பி. ஜூனியர் சுமார் 25 செ.மீ. நீளம், டன்லப் வால்யூம் எக்ஸ் மினி சுமார் 15 செ.மீ. மிதிக்கும் பலகை குட்டையானால் பாதத்தின் அசைவும் குறைகிறது. அமைதியிலிருந்து முழு ஒலி வரை சிறிய அசைவுக்குள் அடக்க வேண்டும். ஒலியை மூடித் திறக்க மட்டும் என்றால் மினி போதும். மெதுவான ஸ்வெல்லுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். அலுமினிய உடல் கொண்ட எஃப்.வி.30 போன்றவை நடுவழி.

பிளாஸ்டிக் பெடல் தரையில் தனியாக இருந்தால் வழுக்கும். போர்டில் ஒட்டிவிட்டால் அந்தக் குறை போய்விடும்.

படி 5: கடையில் சோதனை

உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கொண்டு போங்கள். ஆம்பைக் கிளீனில் வைத்து:

1. பெடல் இல்லாமல் ஒரு ஓபன் கார்டு. பிறகு பெடலை முழுக்கத் திறந்து அதே கார்டு. மங்கல் எவ்வளவு?
2. குதிகாலை அழுத்தி மூடுங்கள். மினிமம் வால்யூம் குமிழ் (மூடினாலும் எவ்வளவு ஒலி மிஞ்ச வேண்டும் என்று வைப்பது) இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வைத்த பிறகுதான் இதைச் சோதிக்க வேண்டும். கசிவு இருக்கக் கூடாது.
3. நான்கு எண்ணிக்கைக்குள் ஒரே சீராகத் திறங்கள். முதல் சிறு அசைவிலேயே பாதி ஒலி குதித்தால் உள்ளே லீனியர் பொட் (அசைவுக்கு நேர் விகிதத்தில் மாறும் வகை) இருக்கலாம். லீனியரில் பாதி வழியிலேயே ஒலி 6 டெசிபல்தான் குறைந்திருக்கும், மாற்றமெல்லாம் குதிகால் பக்கம் நெரிசலாகிவிடும். ஸ்வெல்லுக்கு ஆடியோ டேப்பர் (காதுக்குச் சீராக ஏறுவதாகக் கேட்கும் பொட் வகை) வேண்டும்.
4. நடுவில் நிறுத்திக் காலை எடுங்கள். பலகை தானாக விழக் கூடாது. பல மாடல்களில் இறுக்கத்தைத் திருகால் சரிசெய்யலாம்.
5. மேடையில் போடும் செருப்பு, ஷூவோடு மிதித்துப் பாருங்கள். ஷூ அகலமென்றால் மினி பலகையை மிதிக்கும்போது பக்கத்துப் பெடலின் குமிழும் திரும்பும்.

படி 6: மாட்டிய பிறகு

ட்யூனர் அவுட் ஜாக்கில் ட்யூனர் மாட்டியதும் ஒலி மந்தமானால், பாசிவ் பெடலில் அது எதிர்பார்க்கக் கூடியதே. ட்யூனரும் சேர்ந்து சிக்னலை இழுக்கிறது. அந்த ஜாக்கை விட்டுவிட்டு ட்யூனரை வால்யூம் பெடலுக்கு முன்னால் வரிசையில் போடுங்கள்.

புதுப் பெடலிலேயே அசைக்கும்போது கரகரவென்றால் உடனே பொட்டைக் குறை சொல்ல வேண்டாம். முன்னால் இருக்கும் பெடல் நேர்மின்னோட்டத்தைக் கசியவிட்டாலும் இதே சத்தம் வரும். கிட்டாரை நேராக மாட்டிப் பாருங்கள், சத்தம் போனால் குற்றவாளி முன்னால் இருக்கிறது. போகாவிட்டால் பொட்டுக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு சிறு பீய்ச்சு, பிறகு இருபது முப்பது தடவை முழுக்க மிதித்து விடுங்கள். சமையலறை எண்ணெய், சாதாரண மசகு எண்ணெய் எதுவும் ஆகாது, தூசியைப் பிடித்துவைக்கும்.

பலகை அசைந்தும் ஒலி மாறவில்லையென்றால் கயிறு அறுந்திருக்கும். வி.பி. ஜூனியர் போன்றவற்றில் பொட்டைத் திருப்புவது ஒரு கயிறுதான். மாற்றுக் கயிறு தனியாகக் கிடைக்கிறது. கழற்றும் முன் கயிறு பொட்டின் தண்டை எத்தனை சுற்று, எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திசை மாறினால் குதிகாலில் முழு ஒலியும் விரல் பக்கம் அமைதியும் வரும்.