நீலகிரியிலிருந்து மருத்துவமும் முதுநிலைப் படிப்பும் படிக்கப் பணம் திரட்டும் வழிகள்

மருத்துவக் கலந்தாய்வில் இடம் உறுதியாகி, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்து, கட்டணம் கட்டச் சில நாள்களே மீதமிருக்கும்போதுதான் நம் மலையில் பல குடும்பங்கள் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன. அந்த அவசரத்தில் முதலில் நினைவுக்கு வருவது வங்கிக் கடனும் நகை அடகும்தான். கோத்தகிரி வட்டத்தில் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக விண்ணப்பங்கள் நிரப்பித் தந்து வருபவன் என்ற முறையில், அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி எதுவெல்லாம் உங்களுக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள். அது போதாமல் எஞ்சும் தொகைக்கு மட்டுமே கடன் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் வாங்க வேண்டும் என்று பயந்த குடும்பம் இரண்டு, மூன்று லட்சத்தோடு நிறுத்திக்கொள்ள முடியும்.

எந்த உதவிக்கும் அடிப்படை சான்றிதழ்களே. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகிய நான்கையும் பிளஸ் 2 தேர்வு எழுதும் ஆண்டிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் இவை எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. பழங்குடியினர் சாதிச் சான்றை வட்டாட்சியர் வழங்க முடியாது, கோட்டாட்சியர் நிலை அதிகாரியே வழங்க வேண்டும் என்பதால், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பத்துப் பிள்ளைகள் உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்களில் தங்களுக்குரியதை அணுக வேண்டியிருக்கிறது. நேரடி விசாரணையும் இருக்கும் என்பதால் இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைப்பது வேலையை வெகுவாகக் குறைக்கும். வருமானச் சான்றை ஒருமுறை வாங்கினால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். பசுந்தேயிலை விலை ஏறி இறங்கும் ஊரில் சிறு விவசாயியின் ஆண்டு வருமானத்தை ஒரே எண்ணாகச் சொல்வது கடினம் என்பதால், தொழிற்சாலை தரும் மாதாந்திர இலைக் கணக்குச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டுவது நல்லது. எஸ்டேட் தொழிலாளர்களுக்குச் சம்பளச் சீட்டே போதும்.

பெயரிலும் கவனம் தேவை. மதிப்பெண் சான்றில் முன்னெழுத்து ஒன்றாகவும், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும் இருந்தால் இணையதளம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வங்கிக் கணக்கு இன்னொரு சிக்கல். கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது வேறு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் வந்து சேரும் கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. இரண்டாவது நடக்காததால், உதவித்தொகை ஒப்புதலாகியும் பணம் வராமல் ஓராண்டு காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வங்கிக்குப் போகும்போது இந்தப் பதிவைப் பற்றி வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இளநிலை மருத்துவம்: திருப்பிக் கட்ட வேண்டாத உதவிகள்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அதன்கீழ் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தனியார் கல்லூரியானாலும் அரசே ஏற்கிறது என்பதால், நம் மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்காது. மிஷன் பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகளாக இருக்கும் நம் ஊரில், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போதே பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். பிளஸ் 2 முடித்தபின் அறிந்து பயனில்லை.

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், முதல் பட்டதாரிச் சான்று ஒற்றைச் சாளர முறையில் சேரும் தொழிற்கல்வி இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகையைப் பெற்றுத் தரும். இதற்கு வருமான வரம்பு இல்லை என்பதால், கொஞ்சம் வசதியான தேயிலை விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் இது கிடைக்கும். வீட்டில் ஒருவர் மட்டுமே இதைப் பெற முடியும். ஆகவே அண்ணன் கலைக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றுவிட்டால் தங்கை மருத்துவம் சேரும்போது இது இல்லாமல் போகும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மருத்துவத்துக்கும் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் இது உண்டு. பராமரிப்புத் தொகையோடு திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களையும் ஈடுசெய்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணம் கிடைக்காது என்பதைக் கையெழுத்துப் போடுமுன் நினைவில் கொள்ளுங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் இதே 2.5 லட்சம் வரம்பில் தனி உதவித்தொகை இருக்கிறது. படுகர் சமுதாயத்துப் பிள்ளைகள் இதற்கே விண்ணப்பிக்க வேண்டும். தமிழகக் கல்லூரிகளில் படிப்போர் இவற்றுக்கு யுமிஸ் என்ற மாநில அரசின் கல்லூரி மாணவர் விவர இணையதளம் வழியாகக் கல்லூரியின் சரிபார்ப்போடு விண்ணப்பிக்கிறார்கள்.

புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. தொகை சிறியது. ஆனாலும் உதகை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பந்தலூர்ப் பிள்ளைக்கு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகும் பேருந்துச் செலவும் நோட்டுச் செலவும் இதில் அடங்கிவிடும்.

வேறு இடங்களில் அதிகம் பேசப்படாத, நம் மலைக்கே பொருந்தும் மூன்று வழிகளையும் சொல்லியாக வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் கல்வி உதவி தருகிறது. நலநிதிக்குச் சம்பளத்தில் பிடித்தம் நடந்திருக்க வேண்டும், எஸ்டேட் நிர்வாகம் விண்ணப்பத்தில் சான்றளிக்க வேண்டும். தேயிலை வாரியமும் தொழிலாளர், சிறு விவசாயிகளின் பிள்ளைகளுக்கு உதவி வழங்குகிறது. இதற்குக் குன்னூர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நிறைய இருந்தும், பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்போர் குறைவாகவே கண்ணில் படுகிறார்கள். பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 ரூபாய் தரும் இத்திட்டத்துக்கு எம்.பி.பி.எஸ். உட்பட முதல் தொழிற்கல்விப் பட்டம் படிப்போர் முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் தெரியவந்தால் வாய்ப்பு போய்விட்டது என்றே பொருள்.

முதுநிலையும் ஆராய்ச்சியும்

முதுநிலை மருத்துவம் படிப்போருக்குப் பயிற்சி ஊதியம் உண்டு என்பதால் அன்றாடச் செலவு பெரிய கவலையாக இருக்காது. கவனிக்க வேண்டியது சேரும்போது கையெழுத்திடும் கட்டாய அரசுப் பணி ஒப்பந்தம். எத்தனை மாதம் பணி, விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் பெற்றோரோடு உட்கார்ந்து படியுங்கள். தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டி உடனே மேற்படிப்பில் சேர்வதைவிட, முதலில் அரசுப் பணியில் சேர்ந்து மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றுவது பல குடும்பங்களுக்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து. தொலைதூர, கடினப் பகுதிப் பணிக்கு முதுநிலை நீட் மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் அளிக்க விதிகள் இடம் தந்துள்ளன. நம் சுகாதார நிலையங்களுக்கும் மருத்துவர்கள் தேவை.

அறிவியல், கலைப் பாடங்களில் முதுநிலை சேர்வோருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசிய முதுநிலை உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 பேருக்கு, மாதம் 15,000 வீதம் ஆண்டில் 10 மாதங்கள். மருந்தியல் முதுநிலையான எம்.பார்ம். படிக்க விரும்புவோர் அதற்கான ஜிபேட் தகுதித் தேர்வில் தேறிச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் பெற வழியுண்டு. உதகையிலேயே மருந்தியல் கல்லூரி இருப்பதால் வீட்டிலிருந்தோ அருகில் தங்கியோ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொகை படிப்புச் செலவில் பெரும்பங்கைத் தாங்கும்.

முனைவர் பட்டத்துக்கு நெட் என்னும் தேசிய தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவதே உறுதியான வழி. அதற்கான உதவித்தொகை 2023இலிருந்து, ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. வீட்டு வாடகைப் படி தனி. பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 750 பேருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. முழுநேர முனைவர் ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையில் 2022-23 முதல் புதியவர்கள் சேர்க்கப்படுவதில்லை. பழைய துண்டறிக்கைகளை நம்பி அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆய்வு உதவித்தொகைகள் மாதாமாதம் தவறாமல் வரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நான்கைந்து மாதம் தாமதமாகி மொத்தமாக வருவது வழக்கம் என்பதால், முதல் ஆண்டில் அரை ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேர்வதே பாதுகாப்பு.

எஞ்சிய தொகைக்குக் கடன்

இந்தியாவில் படிக்க 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானமோ, குடும்பத்துக்கு வெளியே ஒருவரின் ஜாமீனோ வங்கிகளின் மாதிரித் திட்டப்படி தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது. அதற்குமேல்தான் நிலமோ வீடோ கேட்பார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அக்கா மகளுக்கு மருத்துவ இடம் கிடைத்தபோது, 3.5 லட்சம் கடனுக்கு ஒரு வங்கிக் கிளை நிலப்பத்திரம் கேட்டது. கூடலூர் பக்கத்தில் அவர்கள் மூன்று தலைமுறையாகப் பயிர் செய்யும் நிலம் 1969 ஜென்ம (பழைய நிலக்கிழார் நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், அதாவது உரிமை முடிவாகாத குத்தகை நிலங்களில் சிக்கிய நிலம், பட்டா கிடையாது. பத்திரம் இல்லை என்றதும் கடனும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதி தெரியாமல் நாங்களும் திரும்பி வந்து, நகையை விற்றுக் கட்டினோம். அந்த வாரம் அந்தப் பெண் சாப்பிடாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பட்டா இல்லாத குடும்பங்களும், மற்ற வட்டங்களில் கூட்டுப் பட்டாவில் இருக்கும் குடும்பங்களும், எஸ்டேட் லயன் வீட்டில் வாழ்வோரும் இந்த ஒரு விதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு, கடன் தொகையை 7.5 லட்சத்துக்குள் நிறுத்த முயல வேண்டும். மறுப்பு என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் உயர்ந்த கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்வோருக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவித்தொகை பெறாதவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை கிடைக்கும். நீங்கள் சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கலந்தாய்வில் விருப்ப வரிசை தருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்கல்விக்கான மத்திய அரசின் வட்டி மானியம் இன்னும் பயனுள்ளது. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் முழு வட்டியையும் அரசே கட்டும். இதன் அருமை கணக்குப் போட்டால்தான் தெரியும். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு 1.2 லட்சம் வீதம் ஐந்து தவணையாக 6 லட்சம் வாங்குகிறீர்கள், தனிவட்டி 9 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி, கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்குமுன் தரப்படும் ஓராண்டு விலக்குக் காலம் எல்லாம் முடியும்போது வட்டி மட்டும் ஏறத்தாழ 2.43 லட்சம் சேர்ந்திருக்கும். மானியம் இருந்தால் அந்தத் தொகை உங்கள் கணக்கில் ஏறாது. மானியம் இல்லாதவர்கள் முதல் ஆண்டில் மாதம் 900 ரூபாயாகத் தொடங்கும் வட்டியை அவ்வப்போது கட்டி வந்தால் சுமை பெருகாது. ஒருவருக்கு இந்த மானியம் ஒருமுறைதான்: இளநிலைக்குப் பெற்றுவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது. செலவு குறைந்த அரசுக் கல்லூரியில் இளநிலை படிப்பவர் சிறு கடனுக்கு இதைச் செலவழித்துவிடாமல் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

கடன், உதவித்தொகை இரண்டிலும் இணைய விண்ணப்பங்களின் கடைசி நாள்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே வருகின்றன. ஜூலை, ஆகஸ்டில் தேவாலா, பந்தலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், குந்தாப் பக்கமும் மின்சாரமும் இணைய இணைப்பும் நாள்கணக்கில் நின்றுபோகும் என்பதால், கடைசி வாரத்தை நம்பாதீர்கள். புதுப்பிப்பு விண்ணப்பமும் ஒவ்வோராண்டும் உண்டு.

விண்ணப்பம் நிலுவையிலேயே நின்றால், திங்கள்கிழமை உதகை பிங்கர்போஸ்டில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். வங்கி தொடர்பானதாக இருந்தால் அதே மனுவின் நகலை மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும் கொடுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் கட்டணமின்றி முறையிடலாம். மனுவில் விண்ணப்ப எண்ணையும் விண்ணப்பித்த தேதியையும் எழுதி, மனு எண் இட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம்.