குக்கரில் கீஷ்: தண்ணீர் விடாமல் இருக்க

கீஷ் என்பது பிரெஞ்சுக்காரர்களின் முட்டை, பால், சீஸ் பதார்த்தம். அடியில் வரும் மாவு அடுக்கை விட்டுவிட்டால் ஓவன் தேவையில்லை, குக்கரே போதும்.

4 முட்டைக்கு 120 மி.லி. கெட்டிப் பால், 60 கிராம் துருவிய சீஸ், கால் டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள். சீஸிலேயே உப்பு உண்டு, கை தாராளம் வேண்டாம். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கலந்தால் போதும். நுரைதான் பிறகு ஓட்டை ஓட்டையாக நிற்கும்.

சொதப்புவது பெரும்பாலும் காய்கறியில்தான். பாலக்கையோ காளானையோ பச்சையாகப் போட்டால் அடியில் குளம் கட்டும். வதக்கி, ஆறவைத்து, கீரையைக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். ஒரு கட்டுக்கு உள்ளங்கை அளவுதான் மிஞ்சும். அதுதான் சரியான பதம்.

6 அங்குல எவர்சில்வர் டப்பாவில் வெண்ணெய் தடவி ஊற்றி, ஃபாயிலால் இறுக மூடுங்கள். இல்லையென்றால் குக்கர் மூடியிலிருந்து சொட்டும் நீர் மேலே விழும். குக்கரில் 2 டம்ளர் தண்ணீர், ஸ்டாண்ட், அதன்மேல் டப்பா. ஒரு விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 10 நிமிடம். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். அழுத்தம் சட்டென இறங்கினால் கீஷ் உப்பி வெடித்துவிடும். தானாக அடங்கட்டும்.

நடுவில் கத்தியைக் குத்தினால் ஈரமாக வரலாம், பாலாக ஒட்டக்கூடாது. ஒட்டினால் வெயிட் இல்லாமல் இன்னும் 5 நிமிடம். கால் மணி நேரம் ஆறிய பிறகே கவிழ்க்க வேண்டும். ஆவியில் வெந்தது சிவக்காது. வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஒரு பக்கம் போட்டெடுத்தால் அந்தக் குறையும் தீரும்.