குன்னூர், கோத்தகிரி டீ ஃபேக்டரி டூர், கட்டுசோறோட

நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டமா சுத்தி வைன் டேஸ்ட் பண்ணிட்டு புல்லுல உக்காந்து சாப்ட்டு வர்றாங்கல்ல, அதே மாதிரி நம்ம நீலகிரில தேயிலைய வச்சு ரெண்டு நாள் அழகா சுத்தலாம். ஆனா நெறய பேரு ஊட்டிக்குப் போற வழில ஒரு ஃபேக்டரில பத்து நிமிஷம் நுழைஞ்சு, சாக்லேட் வாங்கிட்டு கெளம்பிடறாங்க. எங்கம்மா குன்னூர் பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க, அந்தப் பத்து நிமிஷத்தப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

மொத விஷயம், ஒரு நாளைக்கு ரெண்டு ஃபேக்டரிதான், அதுக்கு மேல போனா எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிச்சிரும். காலைலயே போங்க. பகல்ல பறிச்ச கொழுந்து சாயங்காலம் ஃபேக்டரிக்கு வரும், ராத்திரி பூரா சுமார் 12லருந்து 18 மணி நேரம் காத்துல வாட விடுவாங்க, அப்பறம்தான் மெஷினுக்குப் போகும். ஞாயித்துக்கெழம பறிக்காத எடத்துல திங்கக்கெழம மெஷின் சும்மா கெடக்கும், அதனால முன்னாடியே ஃபோன் பண்ணி "நாளைக்கு மெஷின் ஓடுமா, உள்ள பாக்க விடுவீங்களா"ன்னு ரெண்டயும் கேட்டுருங்க.

ஒண்ணு சிடிசி, ஒண்ணு ஆர்த்தடாக்ஸ்னு பாத்து எடுங்க. சிடிசின்னா இலைய நசுக்கி, கிழிச்சு, குருணையா சுருட்டறது, நம்ம பால் டீக்கு சாயம் நல்லா எறங்கும். ஆர்த்தடாக்ஸ்ல இலைய அப்படியே முறுக்குவாங்க, நெறம் லேசா இருக்கும் ஆனா வாசனை தூக்கும். குன்னூர்ல சிம்ஸ் பார்க் பக்கத்துல ஹைஃபீல்டு இருக்கு, வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டுவாங்க. ஊட்டில தொட்டபெட்டா ரோட்டு டீ மியூசியமும் பாக்கலாம், கூட்டம் இருக்கும். கூட்டுறவு ஃபேக்டரி ஒண்ணுல அனுமதி கெடச்சா விடாதீங்க, இண்ட்கோசர்வ்ங்கற கூட்டுறவு டீ ஃபேக்டரி கூட்டமைப்புக்குக் கீழ இருக்கற அந்த ஃபேக்டரிங்கல்லாம் சிறு விவசாயிங்களோடது.

உள்ள போனதும் இலை வாடற தொட்டிகிட்ட நின்னு ஒரு தடவ நல்லா மூச்ச இழுங்க, பச்ச வாசனை மாறி பழ வாசனை மாதிரி வரும். முறுக்கின இலை கொஞ்சங்கொஞ்சமா செம்பு நெறத்துக்கு மாறுறதையும் பாருங்க, டீயோட ருசி பாதி அங்கதான் உருவாகுது. நாலு கிலோவுக்கு மேல பச்ச இலை போட்டாதான் ஒரு கிலோ தூள் வரும், ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு அத்தனையும் பறிச்சவங்க கைய நெனச்சுப் பாருங்க.

டேஸ்ட் பண்றப்ப மொதல்ல பாலும் சக்கரையும் வேண்டாம்னு சொல்லுங்க. சர்ருன்னு சத்தமா உறிஞ்சணும், கூச்சப்படாதீங்க, டீ டேஸ்டர்ங்களே அப்படித்தான் குடிப்பாங்க, அப்பதான் வாசனை மூக்குக்கு ஏறும். லேசானதுலருந்து ஆரம்பிச்சு கடைசில சிடிசிக்கு வாங்க. டிசம்பர்லருந்து பிப்ரவரிக்குள்ள போனீங்கன்னா பனிக்கால டீ கேளுங்க, குளிருல கொழுந்து மெதுவா வளர்றதால அந்த வாசனை தனி. வாங்கறப்பவும் கலர் கலரா ஃப்ளேவர் டீய விட்டுட்டு 100 கிராம் நல்ல ஆர்த்தடாக்ஸ் வாங்குங்க.

கட்டுசோறுக்கு புளியோதரை, எலுமிச்சை சாதம், தொட்டுக்க உருளக்கெழங்கு வறுவல், இதுதான் குளிருக்கு ஒத்துவரும், தயிர்சாதம் வெறச்சுப் போயிரும். இலைல கட்டுங்க, எவர்சில்வர் டப்பாவும் சரி, ஆனா ப்ளாஸ்டிக் கவர், சின்ன தண்ணி பாட்டில் எதுவும் கூடாது, மாவட்டம் பூரா தடை, செக் போஸ்ட்ல புடுங்கிருவாங்க. வீட்டு பாட்டில கொண்டுவந்தா வாட்டர் ஏடிஎம்ல நெரப்பிக்கலாம். வழில பேக்கரில வர்க்கி வாங்கிக்கோங்க, ஊட்டி வர்க்கிக்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சிருக்கு, ப்ளாஸ்க்குல கருப்பு டீ இருந்தா போதும்.

எங்க உக்காரறதுன்னா, மொத நாள் ஃபேக்டரி முடிச்சு குன்னூர் பக்கத்துல இருக்கற லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனை பக்கம் போங்க, மேகம் ஏறறதுக்கு முன்னாடி போனா எதிர்ல கேத்தரின் அருவி நூலு மாதிரி தெரியும். ஆனா அங்க சோத்துப் பொட்டலத்தப் பிரிக்காதீங்க, கொரங்கு விடாது, திரும்பி வர்ற வழில சாப்ட எடம் கெடைக்குமான்னு தங்கற ஹோம்ஸ்டேல கேட்டு வைங்க. எஸ்டேட்டுக்குள்ள கேக்காம சமுக்காளம் விரிக்கக் கூடாது, அது ஆளுங்க வேலை செய்யற எடம், அதோட காட்டெருமை தேயிலைக்குள்ளயே நிக்கும், பாத்தா கிட்டப் போகாம அப்படியே பின்வாங்கிருங்க. மழைக்காலம்னா அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு கைல இருக்கட்டும்.

ரெண்டாவது நாள் கோத்தகிரி, குன்னூர்லருந்து சுமார் 20 கிலோமீட்டர். காலைல ஃபேக்டரி, மத்தியானம் கோடநாடு காட்சிமுனை, கீழ மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும். அப்படியே அரவேணு வழியா மேட்டுப்பாளையம் எறங்கிரலாம்.

சொந்த வண்டில வர்றீங்கன்னா இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துலருந்து இருக்கு, ஆன்லைன்ல காசில்லாம கெடைக்கும், சீசன்ல ஒரு நாளைக்கு இத்தன வண்டின்னு கணக்கு இருக்கறதால முன்னாடியே எடுத்துருங்க. அக்டோபர் நவம்பர் மழைல மண்சரிவுல ரோடும் மலை ரயிலும் நிக்கும், அந்த மாசத்துல தேதி போட்டா ஒரு நாள் கூடுதலா வச்சுக்கோங்க.