காசிமிர் விசையை அளப்பது எப்படி: பெங்களூர் ஆய்வு மாணவர்களுக்கு

மின்னூட்டமற்ற இரு உலோகப் பரப்புகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் காசிமிர் 1948-இல் கணித்தார். வெற்றிடத்திலும் மின்காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கங்கள் ஓய்வதில்லை என்பதே இந்த ஈர்ப்புக்குக் காரணம். முழுமையாக எதிரொளிக்கும் இரு தகடுகளுக்கு இடையே 1 மைக்ரோமீட்டர் இடைவெளி இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1.3 மில்லிபாஸ்கல், இடைவெளி 100 நானோமீட்டராகச் சுருங்கினால் அது 13 பாஸ்கலாகிவிடும். பெங்களூரில் இதையே ஆய்வுத் திட்டமாக எடுக்க விரும்பும் நம் மாணவர்கள் பெரும்பாலும் கோட்பாட்டில்தான் மூழ்குகிறார்கள். ஆனால் இந்த அளவீட்டின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது, பரப்புகளில் எஞ்சியிருக்கும் சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தம்தான்.

இணைத் தகடுகளை வைத்துத் தொடங்க வேண்டாம். அவற்றைத் துல்லியமாக இணையாக நிறுத்துவது மிகக் கடினம். 2002-இல் அதைச் செய்துகாட்டிய இத்தாலியக் குழுவினருக்கே 15 விழுக்காடு துல்லியம்தான் கிட்டியது. ஒரு கோளத்தையும் ஒரு தகட்டையும் எடுத்துக்கொண்டால் இணையாக்கும் வேலையே இல்லை. 1998-இல் இயற்பியலாளர்கள் மொஹிதீனும் ராயும் அணுவிசை நுண்ணோக்கியின் கான்டிலீவரில் (மிகச் சிறு விசைக்கும் வளையும், ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட மெல்லிய பட்டையில்) கோளத்தை ஒட்டி அளந்த முறை நமக்கு ஏற்றது.

சுமார் 100 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளத்தை, மின்கடத்தும் எப்பாக்சியின் மிகச் சிறு துளியால் கான்டிலீவரின் நுனியில் ஒட்டுங்கள். பசை பின்பக்கமாகப் பரவினால் கான்டிலீவரின் விறைப்பு மாறிவிடும் என்பதால், ஒளி நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஒட்ட வேண்டும். ஒட்டியபின் கோளத்துக்கும் தகட்டுக்கும் ஒரே அறையில், ஒரே தடவையில், 100 நானோமீட்டருக்குக் குறையாமல் தங்கம் பூசுங்கள். உங்கள் கல்லூரியில் இந்த வசதி இல்லையென்றால், இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் பொறியியல் மையம் வெளி ஆய்வாளர்களையும் பயன்படுத்த அனுமதிக்கிறது. வழிகாட்டியின் மூலம் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி மின்னழுத்தம். இரண்டும் தங்கமே ஆனாலும், இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டாலும், தூசு, படிகத் துகள்களின் திசை வேறுபாடு, இணைப்புகளில் உள்ள பிற உலோகங்கள் ஆகியவற்றால் ஒரு சிறு மின்னழுத்த வேறுபாடு எஞ்சும். 100 மைக்ரோமீட்டர் ஆரக் கோளம் தகட்டிலிருந்து 200 நானோமீட்டர் தொலைவில் இருக்கும்போது, முழுமையான உலோகத்துக்கான சூத்திரப்படி காசிமிர் விசை ஏறத்தாழ 34 பைக்கோநியூட்டன். அதே தொலைவில் வெறும் 50 மில்லிவோல்ட் தரும் நிலைமின் விசை 35 பைக்கோநியூட்டன்! இதைக் கழிக்காமல் எடுத்த எந்த வளைகோட்டையும் நம்ப முடியாது.

ஆகவே ஒவ்வொரு தொலைவிலும் தகட்டுக்குப் பல மின்னழுத்தங்களைக் கொடுத்து, கான்டிலீவரின் விலகலைப் பதிவு செய்யுங்கள். புள்ளிகள் ஒரு பரவளையமாக அமையும். அதன் விசை குறைந்த முனை, ஈடுசெய்ய வேண்டிய மின்னழுத்தத்தைக் காட்டும். அதன் வளைவு தொலைவுடன் மாறும் விதத்திலிருந்து விசையின் அளவுத்திருத்தமும் உண்மையான இடைவெளியும் கிடைக்கும். பரப்பின் மேடுகள் முதலில் முட்டிக்கொள்வதால், தொடும் இடத்தைச் சுழி என்று கொள்ளக் கூடாது. கோளம்–தகடு அமைப்பில் விசை இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 100 நானோமீட்டரில் 1 நானோமீட்டர் பிழையே விசையில் 3 விழுக்காடு பிழையாகிவிடும். ஈடுசெய்யும் மின்னழுத்தம் தொலைவுக்குத் தொலைவு நகர்ந்தால் பரப்பில் மின்னழுத்தத் திட்டுகள் இருக்கலாம். சராசரி எடுத்து அதை மூடிமறைக்காமல் புதிய பரப்புகளைத் தயாரியுங்கள்.

யஷ்வந்த்பூர் போன்ற இடங்களில் ரயில், மெட்ரோ, லாரிகளின் அதிர்வு கருவியை எட்டக்கூடும் என்பதால், அதிர்வுத் தடுப்பு மேசையோடு நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். தங்கம் பூசிய கான்டிலீவர் வெப்பம் மாறினாலே வளையும். கான்டிலீவரின் விலகலை அளக்கும் லேசரை எரியவிட்டு, விலகல் நிலைபெற்ற பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

நிலைமின் விசையைக் கழித்தபின் எஞ்சுவதை காசிமிரின் சூத்திரத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள். உண்மையான தங்கம் எல்லா அலைநீளங்களையும் முழுமையாக எதிரொளிப்பதில்லை. ஆதலால் 100 நானோமீட்டர் அளவில் விசை கணிசமாகக் குறைந்தே இருக்கும். உண்மையான பொருள்களுக்காகச் சோவியத் இயற்பியலாளர் லிஃப்ஷிட்ஸ் 1950-களில் வகுத்த கோட்பாட்டில் தங்கத்தின் ஒளியியல் தரவுகளை இட்டு, பரப்பின் கரடுமுரடையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குறைந்த அதிர்வெண்களில் தங்கத்தை ட்ரூட் மாதிரியாக (எலக்ட்ரான்களின் ஆற்றல் இழப்பைச் சேர்த்து) கொள்வதா, பிளாஸ்மா மாதிரியாக (அந்த இழப்பை விட்டுவிட்டு) கொள்வதா என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. எனவே இரண்டு வளைகோடுகளையும் உங்கள் பிழை வரம்புகளோடு ஒரே வரைபடத்தில் காட்டுங்கள்.