எழுவாய் எது, செயப்படுபொருள் எது: வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிடியுங்கள்

'யானை ராகியைத் தின்றது.' இதில் எழுவாய் எது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். 'யானையை ஊர்க்காரர்கள் விரட்டினார்கள்' என்று எழுதி அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யானைதான் எழுவாய் என்று நிறையப் பேர் எழுதுவார்கள். 'முதலில் வருவது எழுவாய், நடுவில் வருவது செயப்படுபொருள், கடைசியில் வருவது பயனிலை' என்று மனப்பாடம் செய்ததுதான் காரணம். இந்த வாய்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழில் சொற்கள் இடம் மாறி உட்காரும். எங்கே உட்கார்ந்தாலும் அவற்றின் வேலை மாறாது.

கிருஷ்ணகிரியில் மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன். பல வழிகளைப் பார்த்துவிட்டு இப்போது இந்த ஒரு முறையோடு நிற்கிறேன். பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று தெரிந்தால் போதும். எட்டு வேற்றுமையையும் ஒப்பிக்கத் தெரிய வேண்டியதில்லை.

முதல் படி: பயனிலையின் வாலைப் பாருங்கள்

வாக்கியத்தின் கடைசி வினைக்குப் போங்கள். அதன் முடிவில் ஒரு விகுதி இருக்கும். தின்றான், தின்றாள், தின்றார்கள், தின்றது, தின்றேன். அந்த விகுதியோடு எந்தப் பெயர் பொருந்துகிறதோ அதுதான் எழுவாய்.

'விரட்டினார்கள்' என்பது பலர்பால். யானை அதோடு பொருந்தாது, ஊர்க்காரர்கள் பொருந்துவார்கள். வேலை முடிந்தது. 'ஊர்க்காரர்களை யானை விரட்டியது' என்று திருப்பினால் விகுதியும் மாறுகிறது பாருங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வாக்கியத்தையும் ஊரிலேயே கேட்டுப் பழக்கம் இருக்கும்.

பொருந்துகிற பெயர் வாக்கியத்தில் இல்லாமலே போகலாம். 'நேற்று ஒகேனக்கல் போனேன்' என்றால் 'ஏன்' விகுதி நேராக 'நான்' என்று காட்டிவிடும். இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம்.

செயப்பாட்டு வினையிலும் இதே வழிதான். 'யானை ஊர்க்காரர்களால் விரட்டப்பட்டது.' வினை 'அது' என்று முடிகிறது, ஆகவே எழுவாய் யானை. விரட்டியவர்கள் 'ஆல்' உருபோடு, அதாவது பெயரின் முடிவில் சேர்ந்து அதன் வேலையைக் காட்டும் ஒட்டோடு, ஒதுங்கி நிற்கிறார்கள். செயலைச் செய்பவர்தான் எழுவாய் என்று படித்தவர்கள் இங்கே குழம்புவார்கள். விகுதியை நம்பினால் குழப்பமே இல்லை.

இரண்டாம் படி: 'ஐ' எங்கே ஒட்டியிருக்கிறது?

செயப்படுபொருளின் அடையாளம் இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'. மரம் மரத்தை ஆகும், மாடு மாட்டை ஆகும், நான் என்னை ஆகும்.

தருமபுரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது: 'அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனியைக் கொடுத்தான்.' தகடூர் என்ற பழைய தருமபுரியை ஆண்டவனின் கதைதான். கொடுத்தான் என்பது ஆண்பால், எழுவாய் அதியமான். 'ஐ' ஒட்டியிருப்பது நெல்லிக்கனியில், அதுதான் செயப்படுபொருள். ஔவையோ 'கு' உருபோடு நிற்கிறாள். 'யாருக்கு' என்ற கேள்விக்கு விடையாக வருகிற பெயரைச் செயப்படுபொருள் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. 'செயலுக்கு ஆளாவது செயப்படுபொருள்' என்ற விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் 'ஓசூரை அடைந்தோம்' என்ற வாக்கியத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நாம் போய்ச் சேர்ந்ததால் ஓசூருக்கு எதுவும் ஆகவில்லையே! இதற்கு நன்னூல் என்ற பழைய இலக்கண நூல் வழி சொல்கிறது. 'ஐ' உருபு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை முதலான பொருள்களில் வரும் என்கிறது. வீட்டைக் கட்டினான், மரத்தை வெட்டினான், ஓசூரை அடைந்தான், ஊரை விட்டான், அப்பாவை ஒத்திருந்தான், நிலத்தை உடையவன். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

மூன்றாம் படி: 'ஐ' ஒளிந்திருந்தால்

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

நம் மாவட்டங்களில் பொங்கலையொட்டி எருது விடும் விழா நடக்கும். 'ஊரில் எருது விட்டார்கள்' என்கிறோம். 'எருது ஓடியது' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் எருது உருபில்லாமல் மொட்டையாக நிற்கிறது. ஆனால் ஒன்றில் அது செயப்படுபொருள், மற்றதில் எழுவாய்.

இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் விகுதி. 'விட்டார்கள்' என்பதோடு எருது பொருந்தாது, ஆகவே எழுவாய் ஆக முடியாது. அடுத்து, 'ஐ' சேர்த்துப் பாருங்கள். 'எருதை விட்டார்கள்' சரியாக இருக்கிறது. 'எருதை ஓடியது' காதுக்கே ஒவ்வவில்லை. உருபு மறைந்து வந்த முதல் வகையை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பார்கள்.

இப்படி மறையும் வசதி பெரும்பாலும் அஃறிணைக்குத்தான். 'மாம்பழம் பார்த்தேன்' என்று சொல்லலாம், 'அம்மா பார்த்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம். மறைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'மாடு வாங்கினான்' என்றால் ஏதோ ஒரு மாடு. 'மாட்டை வாங்கினான்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்த மாடு. இவ்வளவு நுட்பத்தையும் ஒரே எழுத்து சுமக்கிறது. சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

உருபு மறைவதால் பொருளே இரண்டாகப் பிரிவதும் உண்டு. 'புலி கொன்ற யானை' என்பது இலக்கண ஆசிரியர்கள் காலம் காலமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? எழுதும்போது இப்படி ஒரு சந்தேகம் எழுந்தால் உருபைப் போட்டே எழுதுங்கள்.

ஒற்றுப்பிழை குறைவதும் இங்கேதான். 'ஐ' வெளிப்படையாக வந்தால் அடுத்த வல்லினம் மிகும், அதாவது நடுவில் ப், த் போன்ற ஓர் ஒற்று சேரும்: எருதைப் பிடித்தார்கள். மறைந்திருந்தால் மிகாது: எருது பிடித்தார்கள். எழுவாய்க்குப் பின்னும் மிகாது: எருது பாய்ந்தது.

'எனக்கு' வந்தால்

ஒகேனக்கல் மீனை வைத்தே பார்ப்போம்.

நான் மீன் பிடித்தேன்.
எனக்கு மீன் பிடித்தது.

வினை ஒன்றுபோலத் தெரிந்தாலும் முதல் வாக்கியத்தில் நான் எழுவாய், மீன் செயப்படுபொருள். இரண்டாவதில் விகுதி 'அது', மீன்தான் எழுவாய். விரும்பியவர் நானாக இருந்தாலும் விகுதி என்னைக் காட்டவில்லை.

'எனக்கு அவரைப் பிடித்தது' என்றால்? அவரை என்பதில் 'ஐ' இருக்கிறது. விகுதியோடு பொருந்த வேறு பெயரே இல்லை. மொழியியல் படித்தவர்கள் இங்கே 'எனக்கு' என்பதையே நான்காம் வேற்றுமை எழுவாய் என்று விளக்குவார்கள். எனக்கும் அந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் பள்ளித் தேர்வில் எழுவாய் என்றால் உருபேற்காத பெயர்தான், அதனால் அங்கே இதை எழுத வேண்டாம்.

எதை வைத்துப் பழகுவது?

உரைநூல்களில் வரும் 'கண்ணன் பாடம் படித்தான்' வகை வாக்கியங்கள் எனக்குப் பிடிக்காது. எல்லாம் ஒரே வரிசையில் வந்து, பழைய வாய்பாட்டையே உறுதி செய்கின்றன. நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கம்தான் நல்ல பயிற்சித்தாள். இரண்டு நிறப் பேனா போதும். விகுதியையும் அதோடு பொருந்தும் பெயரையும் ஒரு நிறத்தில் கோடிட்டு இணையுங்கள், 'ஐ' வரும் பெயரை மற்ற நிறத்தில் வட்டமிடுங்கள். செயலிகளைவிடக் கையால் கோடு போடுவது நன்றாக மனத்தில் பதிகிறது.

தலைப்புகளை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 'யானை தாக்கி விவசாயி காயம்' என்பதில் தாக்கியது யானை, காயமடைந்தவர் விவசாயி. இரண்டு செயல், இரண்டு எழுவாய், முடிவில் வினைமுற்றே இல்லை. தொடங்குபவர்களுக்கு அது கடினம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார்: 'யானை என்ற சொல்லே ஐயில்தான் முடிகிறது, அப்படியானால் அது செயப்படுபொருளா?' இல்லை. யானை, மலை, அணை, சந்தை ஆகியவற்றில் உள்ள ஐ அந்தச் சொல்லின் உடம்பு. உருபு சேரும்போது இன்னொரு ஐ வரும்: யானையை, மலையை, அணையை, சந்தையை. அதனால்தான் 'யானை தின்றது' என்பதில் ஒற்று இல்லை, 'யானையைத் துரத்தினார்கள்' என்பதில் இருக்கிறது.

இன்னொருவர் வினையே இல்லாத வாக்கியம் பற்றிக் கேட்டார். 'அதியமானின் தலைநகர் தகடூர்.' இங்கே தலைநகர் எழுவாய், தகடூர் பெயர்ப்பயனிலை. இந்த வாக்கியத்தில் செயப்படுபொருளைத் தேடாதீர்கள்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று: 'போச்சம்பள்ளிச் சந்தையில் அக்கா புளி வாங்கினாள்.' விடை: எழுவாய் அக்கா, செயப்படுபொருள் புளி, மறைந்த உருபு ஐ.