வெலிங்டனில் தோள்பட்டையைப் படித்தறிவது எப்படி

குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகளும் ஒன்றாகப் பயிலும் ராணுவப் பயிற்சிக் கல்லூரியும் இருப்பதால், மூன்று படைகளின் சீருடைகளையும் இங்கே ஒரே தெருவில் காணலாம். பதவியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு ஒருவரின் நிலையை ஊகிப்பவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

முதலில், அடையாளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரைப்படையில், கையில் V வடிவப் பட்டை ஒன்று இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். தோளில் நட்சத்திரம் இருந்தால் உடனே அதிகாரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நட்சத்திரத்தோடு வண்ண நாடாவும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நாடாவோடு இரண்டு நட்சத்திரம் அணிந்தவர் சுபேதார், நாடா இல்லாமல் இரண்டு அணிந்தவர் லெப்டினன்ட். முன்னவர் சிப்பாயாகச் சேர்ந்து பல ஆண்டு உழைத்து உயர்ந்தவர். பின்னவர் பெரும்பாலும் அகாடமியிலிருந்து அண்மையில் வந்த இளைஞர். நாடா கண்ணில் படாவிட்டாலும் மீசையின் நரை காட்டிக் கொடுத்துவிடும். மூன்று நட்சத்திரம் கேப்டனுக்கு, சிங்க முத்திரை மட்டும் மேஜருக்கு. முத்திரையோடு நட்சத்திரம் ஒன்று சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு சேர்ந்தால் கர்னல், மூன்று சேர்ந்தால் பிரிகேடியர்.

கடற்படையிலும் விமானப்படையிலும் அதிகாரிகளுக்கு நட்சத்திரக் கணக்கு உதவாது. தோளிலுள்ள பட்டைகளை எண்ண வேண்டும். இரண்டு பட்டை அணிந்த கடற்படை லெப்டினன்டும் விமானப்படை ஃபிளைட் லெப்டினன்டும் தரைப்படைக் கேப்டனுக்குச் சமம். அந்த இரண்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை ஒன்று ஓடினால் லெப்டினன்ட் கமாண்டர் அல்லது ஸ்குவாட்ரன் லீடர், அதாவது மேஜர் நிலை. மூன்று பட்டை கமாண்டருக்கும் விங் கமாண்டருக்கும் உரியது. நான்கு பட்டை அணிந்தவரைக் கடற்படை ‘கேப்டன்’ என்றும், விமானப்படை ‘குரூப் கேப்டன்’ என்றும் அழைக்கிறது. இருவருமே கர்னலுக்குச் சமமானவர்கள். ஆகவே, தரைப்படைக் கேப்டனுக்கும் கடற்படைக் கேப்டனுக்கும் இடையே மூன்று படிகள் இருக்கின்றன.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, அதில் இருந்தோரின் பட்டியலில் பிரிகேடியர், விங் கமாண்டர், ஜூனியர் வாரண்ட் ஆபீசர், ஹவில்தார், நாயக் எனப் பல பதவிகள் கலந்து வந்தன. அத்தகைய பட்டியலைப் படிக்கும்போது, ஒவ்வொரு பெயரையும் முதலில் அதன் படையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜூனியர் வாரண்ட் ஆபீசர் என்பது விமானப்படைப் பதவி. தரைப்படையின் நாயப் சுபேதாருக்கு இணையானது.

உயர்நிலையில் குழப்பம் தருவது ‘மார்ஷல்’ என்ற சொல். ஏர் மார்ஷல், லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சமம். ஆனால் ஃபீல்டு மார்ஷல் ஜெனரலுக்கும் மேல். குன்னூரில் வாழ்ந்து ஊட்டியில் அடக்கமான சாம் மானெக்‌ஷா, 1973-இல் அந்த நிலையைப் பெற்றவர்.

அழைப்பிதழ் அச்சடிப்போர், குறிப்பாகக் கேப்டன், லெப்டினன்ட் ஆகிய பதவிகளுக்கு, பெயரின் பின்னே ‘தரைப்படை’ அல்லது ‘கடற்படை’ என்று சேர்த்துவிட்டால், வரவேற்பில் யாரை முன்வரிசையில் அமர்த்துவது என்ற சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.